கைராசிக்காரன்

இரண்டு ஆணிகள்தான். இரண்டையும் தட்டிக் கழற்றினால் வேட்டைத் துவக்கின் பழைய விசை கையோடு வந்துவிடும், புதியதை அந்த இடத்தில் வைத்து அதே ஆணிகளைத் திரும்பத் தட்டினால் வேலை முடிந்தது, அரை மணித்தியாலம் போதும் என்று வீடியோவில் அந்தத் தாடிக்காரன் சிரித்துக்கொண்டே சொல்கிறான், அவனுக்கென்ன, அவனுக்கு எதிரே அவனுடைய மகள் உட்கார்ந்திருக்கவில்லை. எனக்கு எதிரே ஆரணி உட்கார்ந்திருக்கிறாள். பேஸ்மென்டில் என் வேலை மேசைக்கு அந்தப் பக்கம், பழைய பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மடியில் டாப்லெட்டோடு. எழுந்து போகவும் மாட்டாள், ஏனென்றால் சட்டம் அப்படி. லைசென்ஸ் இல்லாதவன் துவக்கைத் தொடலாம், ஆனால் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ளவர் என் மகள். இருபத்தாறு வயது, வடக்கே சட்பரி நகரில் சுரங்கக் கம்பனியில் எஞ்சினியர், வேலை இடத்துச் சிநேகிதிகளோடு சேர்ந்து மான் வேட்டைக்குப் போகிறவள். மூன்று மணித்தியாலம் படிப்பதற்கே பஞ்சிப்பட்ட பிள்ளை பனிக்குள் எட்டு மணித்தியாலம் அசையாமல் இருப்பாளாம். "அப்பா, நீங்கள் ஏன் லைசென்ஸ் எடுக்கேல்லை? ஒரு வீக்கென்ட் கோர்ஸ்தானே, பிறகு ஒரு ஃபோர்ம்," என்கிறாள். ஃபோர்ம்தான் பிள்ளை, ஃபோர்ம்தான். தொண்ணூற்றொன்றில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது ஒரு ஃபோர்ம் நிரப்பினேன், ஆயுதம் ஏதாவது கையாண்டதுண்டா என்று கேட்டிருந்தார்கள், இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அன்றைக்கு எழுதிய இல்லையின் மேல்தான் இந்த வீடு, இந்த மேசை, இவள் எல்லாம் நிற்கிறது. இன்னொரு ஃபோர்மைத் தொட எனக்கு விருப்பமில்லை.

முதல் ஆணி வந்துவிட்டது. கிண்ணத்துக்குள் போட்டேன், பொக்கெற்றிலிருந்த லேஞ்சியை விரித்துக் கிண்ணத்தை மூடினேன். இரண்டாவது ஆணிதான் இவளுக்குச் சட்பரியில் அசையவில்லையாம், அதனால்தான் நாலரை மணித்தியாலம் கார் ஓடி வந்திருக்கிறாள், அப்பா மெஷினிஸ்ட், அப்பாவின் கைக்கு எதுவும் அசையும் என்று. நான் துவக்கைப் பிடிக்கத் தெரியாதவன்போல் பிடிக்க வேண்டும். அதுதான் கஷ்டம், ஆணி ஒரு கஷ்டமே இல்லை. இவள் வந்தவுடனேயே நான் ஒரு பிழை விட்டுவிட்டேன். இவள் உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள், வைத்த மறுகணம் என் கை போய், தோட்டா போகிற வழியை மூடுகிற போல்ட்டை இழுத்துத் திறந்து, சின்னவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டது, உள்ளே ரவை இருக்கிறதா என்று. நான் செய்யவில்லை, கை செய்தது. "அப்பா! கோர்ஸில எங்களுக்குக் கண்ணால பாக்கத்தான் சொல்லித் தந்தவை. விரலை விட்டுப் பாக்கிறது எங்க பழகினனீங்கள்?" என்றாள். வீடியோவில் பார்த்தேன் என்றேன். தாடிக்காரன் விரலை விடவே இல்லை. விரலை விட்டுப் பார்ப்பது விளக்கில்லாத இடத்தில் வேலை செய்தவர்களின் பழக்கம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், எனக்குத் தொட்டிலும் அதுவல்ல, ஏழு மாதம்தான், ஏழே மாதம், ஆனாலும் கை மறக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் கியர் கடைந்த கை, லோன்மூவர் திருத்திய கை, இவளுடைய டயப்பர் மாற்றிய கை, எல்லாவற்றையும் செய்துவிட்டு ஒரு நொடியில் பழைய இடத்துக்கு ஓடிப்போய் நிற்கிறது. கோபம் வருகிறது எனக்கு, என் கையோடே கோபம்.

மேலே வதனியின் காலடிச் சத்தம். மட்டன் ரோல்ஸ் பொரிக்கிறாள், மகள் வேட்டைக்குக் கொண்டுபோவதற்கு. மானைச் சுடப் போகிறவள் ஆட்டைச் சுருட்டிக் கையில் கொண்டுபோகிறாள் என்று மதியம் பகிடி விட்டேன், இரண்டு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பொரிக்கும் எண்ணெயின் மணம் படிக்கட்டால் இறங்கி வந்து, துவக்கு எண்ணெயின் மணத்தோடு கலக்கிறது, கலந்து ஒரு தகரக் கொட்டிலின் மணமாகிறது, வேண்டாம் என்று நான் மூக்கால் மூச்சு விடுவதை நிறுத்திப் பார்க்கிறேன். அங்கே துவக்கு எண்ணெய் கிடையாது, தேங்காயெண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து பூசுவோம். எல்லாத் துவக்கும் கொஞ்சம் சமையலறை மணக்கும். "அப்பா, முடிஞ்சுதோ?" என்கிறாள் ஆரணி. என் கையில் சுத்தியல் நின்றுவிட்டது. "பொறு பிள்ளை." "இல்லை, சும்மா கேட்டனான். ஏன் இப்பிடி வேர்க்குது உங்களுக்கு?" "ஹீட்டரை ஆரோ கூட்டிப்போட்டினம்." கூட்டியது யாரும் இல்லை. அந்தச் சொல்தான். வேறு எந்தச் சொல்லாலும் கேட்டிருக்கலாம், சரியோ என்று கேட்டிருக்கலாம், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கலாம், இங்கிலீஷில் கேட்டிருக்கலாம், இங்கே பிறந்த பிள்ளைதானே, வாய்க்கு வருவது அதுதானே. முடிஞ்சுதோ என்று கேட்கிறாள், அதுவும் அந்த இழுவையோடு, கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டி. மாமனின் இழுவை. மாமனை இவள் ஒருநாளும் கண்டதில்லை. தாயின் வாயால் வந்திருக்கும், வேறெப்படி வரும்.

மாமன் மேலே சாமியறையில் படமாக இருக்கிறான். வதனியின் அண்ணன். வீட்டில் பாபு, ஆயுத இயக்கத்தில் எங்களிடம் சேந்தன். இருபத்தொரு வயதோடு நின்றுபோனவன், எனக்குப் பிறகு தலை நரைத்து, வயிறு வந்து, கொலஸ்ட்ரோல் வந்தது, அவனுக்கு ஒன்றும் வரவில்லை. சண்டையில் செத்தவன் என்று ஆரணி பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினாள், நான்தான் எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தேன். எழுத்துப்பிழையை மட்டும். நான் அவனோடு இருந்தவன் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இயக்கம் எங்கள் ஊர்ப் பட்டறையிலிருந்து கடைச்சல் இயந்திரத்தைக் கொண்டுபோனது, அதை ஓட்டத் தெரிந்தவன் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு போனது, மாட்டை வாங்கியவன் கயிற்றையும் கொண்டுபோவதுபோல. ஏழு மாதம் காட்டுக்குள் தகரக் கொட்டிலில் துவக்குத் திருத்தினேன். பிறகு ஓடிவந்தேன், கொழும்பு, அங்கிருந்து இங்கே. தொண்ணூற்றாறில் அம்மா ஊரிலிருந்து ஒரு பெண்ணின் படம் அனுப்பினாள், படத்தில் பெண்ணுக்குப் பின்னால் சுவரில் மாலை போட்ட இன்னொரு படம், அதற்குள் சேந்தன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓம் என்று அன்றைக்கே டெலிபோன் எடுத்துச் சொன்னேன். அம்மா சந்தோஷத்தில் அழுதாள், பிள்ளை ஒரு கேள்வியும் கேட்காமல் சம்மதித்துவிட்டான் என்று. ஏன் சம்மதித்தேன்? பரிகாரம் என்றா? பயத்திலா, வேறு யாரும் இந்தக் குடும்பத்துக்குள் போய் விசாரிக்கத் தொடங்குமுன் நானே உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளலாம் என்றா? இல்லை, அந்தப் பெண் வடிவாக இருந்தாளா? இருபத்தேழு வருடமாக இதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், எந்தப் பக்கம் திருப்பினாலும் வதனிதான் தெரிகிறாள், அவள்மேல் எனக்கு உயிர், அது ஒன்றுதான் இதற்குள் பொய்யில்லாதது. அவனுடைய திவசத்தன்று ஒவ்வொரு வருடமும் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, அவன் கடைசியாக எழுதிய கடிதத்தை எடுத்து வாசிப்பாள். சுகம், சாப்பாடு பரவாயில்லை, அம்மாவின் முழங்கால் எப்படி. இடையில் ஒரு வரி வரும். 'இஞ்ச எங்களிட்டை ஒரு கைராசிக்காரன் இருக்கிறான், அவன் தொட்டால் செத்த சாமானுக்கும் உயிர் வரும்.' கள்ளனுக்குத் தேள் கொட்டினமாதிரி நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். அந்த வரியோடு வதனி ஒரு கணம் நிறுத்திவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போவாள்.

இரண்டாவது ஆணி அசைந்துவிட்டது. எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்ததால் வந்தது, அடித்ததால் அல்ல. கிண்ணம், லேஞ்சி. பழைய விசையைக் கழற்றி மேசையில் வைத்தேன், புதியதைப் பெட்டியிலிருந்து ஆரணி எடுத்துத் தந்தாள், சின்னச் சாமான், வடிவான சாமான், ஓரமெல்லாம் மினுக்கி வைத்திருக்கிறார்கள், கடைந்தவனைப் பாராட்ட வேண்டும். "பழசு நாலு பவுண்ட் இழுக்கோணும் அப்பா. இழுக்கேக்கயே துவக்கு ஆடிப்போகுது. இதை ஒண்டரைக்குக் குறைக்கலாம். மேகனும் ஒண்டரைதான் வச்சிருக்கிறாள்." மேகன் அந்த வேட்டைச் சிநேகிதிகளில் ஒருத்தி. நாளைக் காலை இரண்டு பேரும் மரத்தில் கட்டிய ஒரு பலகைப் பரணில் தோளோடு தோள் இருப்பார்களாம். தோளோடு தோள். ஒன்றரை பவுண்ட், எங்கள் ஒன்றரை இறாத்தல், என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், பேக்கரிப் பாண் இரண்டின் கனம்கூட இல்லை. சேந்தனும் அதைத்தான் கேட்டான். பழைய 303 துவக்கு ஒன்று அவனுக்குக் கொடுத்திருந்தார்கள், பாட்டன் காலத்துச் சாமான், விசை கல்லாக இருந்தது. மச்சான், இழுத்து இழுத்து விரல் வீங்கிப்போச்சு, உன்ரை கைராசியைக் கொஞ்சம் காட்டு என்றான். உள்ளே விசை பிடித்துக்கொள்ளும் பல்லை அரத்தால் தேய்த்துக் கொடுத்தேன். ஒரு தேய்ப்பு, பார்ப்பு, இன்னொரு தேய்ப்பு. பத்துத் தரம் விசையை இழுத்துப் பார்த்தேன், வெண்ணெய். பத்துத் தரமும் போல்ட்டை நானே மூடினேன், என் மூடல் மெதுவான மூடல், இயந்திரக்காரன் மூடல், சாமானுக்கு நோகாமல். அவன் சாக்கின்மேல் இருந்தான், மத்தியானம், கஞ்சி வந்துவிட்டது என்று வெளியே யாரோ கத்தினார்கள், எனக்குப் பசி. மச்சான், முடிஞ்சுதோ? என்றான், கடைசி எழுத்தை நீட்டி. ஓம் என்று சொல்லித் துவக்கை நீட்டினேன். வாங்கி, அடியை நிலத்தில் ஊன்றி, குழலைத் தோளில் சாத்திக்கொண்டு, ரவைகளைப் போட்டு, அவன் எப்போதும் மூடுகிறபடி படீரென்று போல்ட்டை மூடினான். விசையில் விரலே வைக்கவில்லை. மூடிய அதிர்ச்சிக்கே பல் நழுவி வெடித்துவிட்டது. அவ்வளவுதான். நான் கஞ்சிக்குப் போகவில்லை என்பதைத் தவிர அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு ஒன்றும் ஒழுங்காக ஞாபகமில்லை. மோதலில் வீரச்சாவு என்று நோட்டீஸ் அடித்தார்கள், பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, இது உனக்கும் எனக்கும் இடையிலை என்றார். அவர் அடுத்த வருடம் செத்துப்போனார். ஆகவே இது எனக்கும் எனக்கும் இடையில்.

புதிய விசை உட்கார்ந்துவிட்டது, ஆணிகள் இரண்டும் போய்விட்டன, திருகாணியைத் திருப்பித் திருப்பி ஒன்றரைக்குக் கொண்டுவந்தேன், ஆரணி சின்னத் தராசைக் கொளுவி இழுத்துப் பார்த்து, "வாவ்," என்றாள். "முடிஞ்சுது அப்பா! அவ்வளவுதான்!" இல்லை. போல்ட்டைத் திறந்தேன், சின்னவிரலை விட்டுப் பார்த்தேன், இந்தமுறை ஒளிக்கவில்லை. பிறகு படீரென்று மூடினேன். என் மூடல் அல்ல, அவனுடைய மூடல். ஒன்றுமில்லை. திரும்பவும். ஒன்றுமில்லை. "மெதுவா அப்பா, உடையப்போகுது!" திரும்பவும். நாலாவது தரமோ ஐந்தாவது தரமோ, மூடிய கையோடு உள்ளே டிக் என்றது. வெறும் டிக். எலிப்பொறி விழுந்தாற்போல் ஒரு சின்னச் சத்தம், வெறும் துவக்கு, ஒரு ரவையும் இல்லாத துவக்கு, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மார்க்கம் நகரத்தில் ஒரு பேஸ்மென்ட், எதிரே என் பிள்ளை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை, நான் அவளுடைய நெஞ்சைப் பார்க்கிறேன், ஸ்வெட்டர் நீலமாகவே இருக்கிறது. "என்ன சத்தம் அது? நீங்கள் ட்ரிகரைத் தொட்டனீங்களோ?" "தொடேல்லை." "பிறகு?" "தானா விழுந்தது. ஒண்டரை வேண்டாம் பிள்ளை. மூண்டுக்கு ஏத்திவிடுறன்." "மூண்டெண்டால் ஏன் இதை வாங்கினனான் அப்பா? இருநூற்றம்பது டொலர்!" "வேண்டாம் எண்டால் வேண்டாம்." "நீங்கள் விசரன்மாதிரி அடிச்சு மூடினால் விழும்தான். நான் மெதுவாத்தான் மூடுவன்." "நானும் மெதுவாத்தான் மூடிப் பாத்தனான்!"

கத்திவிட்டேன். கத்தியது பெரிதில்லை, இந்த வீட்டில் நான் கத்துவதற்கு ஹொக்கி மேட்ச் ஒன்றே போதும். சொன்னதுதான் பெரிது. ஆரணி டாப்லெட்டை மெல்லக் கவிழ்த்து வைத்தாள். "எப்ப?" என்றாள். "இப்ப நீங்கள் அடிச்செல்லோ மூடினீங்கள். மெதுவா மூடினது எப்ப?" எஞ்சினியர். படிப்பித்தது நான், மூன்று வேலை செய்து படிப்பித்தேன், ஒரு சொல்லையும் தவறவிடமாட்டாள். சொல் ஏதாவது, சொல், வேலை இடத்தில் ஒரு பிரஸ் மெஷின் என்று சொல், ஏர் கன் என்று சொல், முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தே இவ்வளவு காலம் சாப்பிட்டாயிற்று, இன்னும் ஒரு பிடி சோறு போட்டால் மூடிவிடும். ஆனால் மூடினால் இவள் நம்பமாட்டாள், நம்பாமல் சட்பரிக்குப் போய் அந்தத் திருகாணியைத் தானே ஒன்றரைக்கு இறக்குவாள், பிடிவாதம் மாமனுடையது, நாளைக் காலை அந்தப் பரணில் குளிரில் கை விறைத்து, ஒரு மானைக் கண்ட அவசரத்தில் படீரென்று மூடுவாள், பக்கத்தில் தோளோடு தோளாக மேகன். யாருடைய பிள்ளையோ மேகன். சொன்னால் இவள் கேட்பாள், நான் எதைச் சொன்னால் கேட்பாள் என்றும் எனக்குத் தெரியும், ஒன்றே ஒன்றைச் சொன்னால்தான் கேட்பாள். படிக்கட்டில் பீங்கான் சத்தம் கேட்டது. வதனி தேத்தண்ணித் தட்டோடு பாதிப் படியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது.

"இஞ்சருங்கோ," என்றாள். துவக்கைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை, மேசையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள், அதன்மேல் கிடந்த லேஞ்சியைப் பார்த்தாள். "அண்ணாவின்ரை கடிதத்திலை ஒரு வரி நான் வாசிக்கிறேல்லை. உங்களுக்குத் தெரியுமோ?" எனக்கு எப்படித் தெரியும், அந்தக் கடிதத்தை நான் ஒருநாளும் கையால் தொட்டதில்லை. "கைராசிக்காரன் எண்டு எழுதினதுக்குக் கீழை. 'விசரன் எதைக் கழட்டினாலும் ஆணியளைத் தேங்காய்ச் சிரட்டைக்குள்ள போட்டு, துணியாலை மூடிப்போட்டுத்தான் அடுத்த வேலை பாப்பான், அதுகள் எழும்பி ஓடிப்போகுமாம்.' நான் கலியாணம் கட்டி வந்த வருசம் நீங்கள் ரேடியோவைக் கழட்டினீங்கள். ஆணியளைக் கோப்பைக்குள்ள போட்டு லேஞ்சியாலை மூடினீங்கள். அண்டைக்கே எனக்குத் தெரியும்." ஆரணி, "அம்மா, என்ன கதைக்கிறீங்கள்?" என்றாள். வதனி அவளுக்குக் கையைக் காட்டினாள், பொறு என்று. தட்டைப் படியில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள், முழங்கால் நோவுக்காரி, படியில் உட்காரவே மாட்டாள். "அண்ணாவோடை கூட இருந்த மனிசன் எனக்குக் கிடைச்சிருக்கிறார் எண்டு நான் எத்தினை தரம் கடவுளுக்கு நன்றி சொல்லியிருப்பன். ஃபோர்ம் பயம், ஆமி பயம், ஏதோ ஒரு பயம், அதாலைதான் சொல்லேல்லை, சொல்லுறபோது சொல்லட்டும் எண்டு பேசாமல் இருந்தனான். இருபத்தேழு வருசம் இருந்திட்டன். நாளைக்கு இவளும் துவக்கோடை போறாள். இண்டைக்காவது சொல்லுங்கோ. அண்ணா கடைசியா என்ன கதைச்சவர்?"

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு ஏறியிருப்பேன். ஆசைதான் இருந்தது, பிறந்தநாள் பெட்டியை நீட்டுகிறவளைப்போல் இவ்வளவு காலம் வைத்திருந்து நீட்டுகிறாள், நான் அவனை நேசித்தவன் என்று நினைத்து நீட்டுகிறாள், அது பொய்யும் இல்லை. நல்லதாக ஏதாவது சொல்லலாம். தங்கச்சி எப்படி இருக்கிறாளோ என்று கேட்டான் என்று சொல்லலாம், அவள் அழுவாள், பிறகு மூவரும் தேத்தண்ணி குடிப்போம், ரோல்ஸ் ஆறிப்போயிருக்கும், ஆரணி ஒன்றரை இறாத்தலோடு சட்பரிக்குப் போவாள். வாயைத் திறந்தேன், அந்தத் தங்கச்சிப் பொய்தான் வரப்போகிறது என்று எனக்கே பயமாக இருந்தது. என் கை போய் லேஞ்சியைக் கிண்ணத்திலிருந்து எடுத்தது. உள்ளே ஒன்றும் இல்லை, எல்லா ஆணியும் துவக்கில் போய்விட்டிருந்தது.

"முடிஞ்சுதோ எண்டு கேட்டவன்," என்றேன். "அவன்ரை துவக்கின்ரை விசையைத் திருத்தினது நான். முடியேல்லை, வதனி. நான் ஓம் எண்டு சொல்லிக் குடுத்தனான்."